ரொனிக்குப் போட்ட நாலு ஊசி

அத்தியாயம் பதினொன்று

கடித்த நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்ற ஒரே ஆறுதலில்தான் கிறிஸ்தோபரின் குடும்பம் ஐந்து நாளாகச் சோறு தின்கிறது.

போன வியாழக்கிழமை பின்னேரம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறக்கக்கண்டியில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருக்கும் ஷிஃபானா, நிலாவெளிக் கடற்கரையோரமாகத் தாய் வீட்டுக்கு நடந்து போனாள். கரைவலை வாடியடியில் கிடந்த கப்டன் என்ற கறுத்த நாய் பாய்ந்து வந்து அவளுடைய கெண்டைக்காலைக் கவ்வியது. நான்கு பல் பதிந்தது.

வாடி என்பது வலையும் தோணியும் வைக்கிற கிடுகுக் கொட்டில். அந்த வாடிக்கும் வலைக்கும், வலை இழுக்கும் பதினெட்டுப் பேருக்கும் சம்மாட்டி, அதாவது முதலாளி, கிறிஸ்தோபர். நாய் மட்டும் ஆருடையது என்று கேட்டால், “அது வாடி நாய்” என்பார். மனிதர் வீண்பேச்சுப் பேசுகிறவர் அல்ல. முந்தி இரண்டு தரம் இரவில் வலையை வெட்டிக்கொண்டு போனார்கள். கப்டன் வந்த நாளிலிருந்து ஒரு கண்ணிகூடப் போகவில்லை.

கடித்த அன்று அவர் நடந்துகொண்ட விதத்தை ஊரே மெச்சியது. ஷிஃபானாவைத் தன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். போகிற வழியில் வீட்டில் நிறுத்தி, கப்டனின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டார். டொக்டர் அட்டையைப் பார்த்தார். போன வருடமும் இந்த வருடமும் ஊசி ஏற்றப்பட்டிருந்தது. காயத்தைக் கழுவி, நாயைப் பதினாலு நாள் கட்டி வைத்துக் கவனிக்கச் சொல்லி, விசர்நாய்க்கடி ஊசிகளைப் பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்.

ஷிஃபானாவின் கணவன் முனாப், கிறிஸ்தோபரின் வாடியில் மீன் எடுத்து மோட்டார் சைக்கிளில் விற்கிறவன். சம்மாட்டியின் சொல் அவனுக்குப் போதும். நன்றிக்கென்று அவன் வீட்டிலிருந்து ஒரு சட்டி வட்டிலப்ப இனிப்பு வந்து, இன்னும் பாதி கிறிஸ்தோபர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கிறது.

இனிச் செவ்வாய்க்கிழமை.

காலையில் கிறிஸ்தோபர் நல்ல மனநிலையில்தான் இருந்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, முற்றத்தில் படுத்திருந்த கிழட்டு ரொனியைக் காலால் மெல்லத் தடவினார். ரொனி வீட்டு நாய். பதினொரு வயது. ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. யாராவது கேற்றைத் திறந்தால் எழும்பாமலே வாலை ஆட்டும்.

“ரெண்டு மணிக்குத்தானே கப்டன்ர விசாரணை?” என்று கேட்டார்.

“ஓம். நேரத்துக்கு வாங்கோ. நாய்க்குப் பொறுப்பு எண்ட உறுதிமொழிப் பத்திரத்திலை ஆரும் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை” என்றாள் மனைவி அருள்மலர்.

“வாடிதானே சொந்தக்காரன் எண்டு நீயே எழுதி வைச்சிருக்கிறாய்.”

சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார். அருள்மலர் பிரதேச சபையில் எழுதுநர். நாய்ப் பதிவேடு அவளுடைய மேசையில்தான் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் கப்டனைப் பதிந்தபோது, உரிமையாளர் என்ற கட்டத்தில் ‘நிலாவெளிக் கரைவலை வாடி’ என்று எழுதியதும் அவள்தான். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. இழுக்கிற பதினெட்டுப் பேரும் ஆளுக்கொரு மீன் எறிகிறார்கள். ஒருவன் பெயரை எழுதினால் மற்றவன் முகத்தைச் சுளிப்பான் என்று நினைத்தாள்.

அலுவலகத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நிப்றாஸ் அவளுக்கு முன்பே வந்து நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும். அதிகம் சிரிக்காத, அதிகம் கோபிக்காத ஆள்.

“அக்கா, உரிமையாளர் கட்டத்தில வாடி எண்டு இருக்கு. வாடி வந்து கையொப்பம் போட ஏலாதே” என்றார்.

“ரெண்டு மணிக்கு அவர் வருவார், தம்பி.”

“ஆள் ஒருத்தர்ட பெயர் வேணும். நாயக் கட்டி வைக்கணும், வேலி அடைக்கணும், வெளியில கொண்டு போனா வாய்க்கூடு போடணும். அதெல்லாம் ஒரு மனிசன்தான் செய்யணும். மூண்டாவது முறைப்பாடு இது. ஆபத்தான நாய் எண்டு இண்டைக்கு எழுதிப் போடுவம்.”

“எழுதுங்கோ.”

“ஊசி போட்ட அண்டைக்கு எழுதின தாள்களையும் கோவையில வையுங்க. டொக்டருக்கும் ஒரு பிரதி அனுப்பணும்.”

ஊசி போடும் குழு வட்டாரம் வட்டாரமாகப் போகும்போது, ஒவ்வொரு நாயையும் பார்த்து அந்த இடத்திலேயே எழுதுகிற தாள் அது. அந்தத் தாளோடு ஒப்பிட்டுத்தான் பதிவேட்டை நிரப்ப வேண்டும். மற்ற எல்லார் வீட்டு நாய்களுக்கும் அருள்மலர் அப்படித்தான் செய்தாள். சொந்த வீட்டுக்கு மட்டும் கிறிஸ்தோபர் கொண்டுவந்து தந்த துண்டில் இருந்த இலக்கத்தைப் பார்த்து, சாப்பாட்டு மேசையில் வைத்தே எழுதினாள். கட்டின மனிசனின் சொல்லையும் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கிற பெண் அந்தப் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

அலுமாரியைத் திறந்து தூசியைத் தட்டி, இந்த வருடத்துத் தாள்களின் கட்டை எடுத்தாள். நானூற்று முப்பத்தேழாம் இலக்கம்.

நாயின் பெயர்: கப்டன். நிறம்: வெள்ளையும் மண்ணிறமும். வயது: பதினொன்று. அடையாளம்: இடக் கண்ணில் பூ, முன்பல் இல்லை. குணம்: சாது.

அவள் மறுபடி வாசித்தாள். ஐந்து நாளைக்கு முன் ஒரு பெண்ணின் காலில் நான்கு பல் பதித்த நாய்க்கு முன்பல் இல்லையாம். சாதுவாம். கரிச்சட்டி நிறத்து நாய் வெள்ளையாம்.

போன வருடத்துக் கட்டையும் எடுத்தாள். அதிலும் கப்டன் வெள்ளையாகத்தான் இருந்தது. அப்போது அதற்குப் பத்து வயது.

தாளை மூடி வைத்துவிட்டு, வெளியே சைக்கிள் கொட்டிலடிக்குப் போய் மகளுக்குப் போன் எடுத்தாள். டிலக்ஷிக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள்.

“டிலக்ஷி, ஊசி போட வந்த அண்டைக்கு ரொனியை வாடிக்குக் கொண்டு போனனியோ?”

மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

“கேக்கிறன் பிள்ளை.”

“அப்பா சொன்னவர்” என்றாள் டிலக்ஷி. “வீட்டை வைச்சு ரொனிக்கு ஊசி போட்ட கையோடை போன் எடுத்தவர். அங்கை வாறது வேறை குழு, இப்ப கட்டின ஊசிப் பட்டியைக் கழட்டிப்போட்டு வாடிக்குக் கொண்டு வா, ஆரும் கேட்டா கப்டன் எண்டு சொல்லு எண்டவர்.”

“போன வருசம்?”

“அதுவும் நான்தான்.” பிள்ளை அழத் தொடங்கினாள். “அம்மா, ரொனி ரெண்டு தரமும் ரெண்டு நாள் படுத்த படுக்கையாக் கிடந்தது. நீங்கள் வயசு போட்டுது எண்டு சொன்னனீங்கள். எனக்குச் சொல்ல வாய் வரேல்லை.”

இரண்டு வருடத்தில் ரொனிக்கு நாலு ஊசி. இந்த வட்டாரத்திலேயே விசர் நோய் அண்ட முடியாத நாய் ஒன்று இருந்தால் அது அவர்கள் முற்றத்தில் படுத்திருக்கிற பல்லில்லாத ரொனிதான். வேறொருவர் வீட்டுக் கதை என்றால் அருள்மலர் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அடுத்து கிறிஸ்தோபருக்கு எடுத்தாள். பின்னால் வலை இழுக்கிறவர்களின் சத்தம் கேட்டது.

“என்ன மலர்? வலை மடி கரைக்கு வரப் போகுது. கெதியாச் சொல்லு.”

“கப்டனுக்கு ஊசி போட்டதோ?”

சத்தங்கள் தூரமாகின. அவர் கயிற்றை விட்டுவிட்டு நடக்கிறார் என்று தெரிந்தது. வலை கரைக்கு வரும் நேரத்தில் கிறிஸ்தோபர் கயிற்றை விடுகிறவர் அல்ல.

“ஆர் சொன்னது?” என்றார்.

“ஊசிக்காரர் எழுதின தாள் சொல்லுது. முன்பல் இல்லையாம். சாதுவாம்.”

“மலர், ஒருக்காக் கேள். போன வருசம் அது ஊசியைக் கண்டு ஆரையும் கிட்ட விடேல்லை. இந்த வருசம் அவை வரேக்கை நான் தோணியிலை நிண்டனான். வலை பாதி விட்டிட்டம். ஒரு மணித்தியாலம் நில்லுங்கோ எண்டு கரையிலை இருந்து கேக்கப் பண்ணினனான், நிக்க ஏலாது எண்டிட்டினம். பட்டி இல்லாத நாயளை ஹோட்டல் பக்கத்தாலை பிடிச்சுக்கொண்டு போகினம் எண்டு கதை. நான் என்ன செய்ய?”

“அது நாயை வைச்சிருக்கிறதுக்கு. ஆஸ்பத்திரியிலை ஏன் அட்டையைக் காட்டினனீங்கள்?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பிள்ளை பயந்து நடுங்கிக்கொண்டு வந்தது. ஆறுதலாயிருக்கட்டும் எண்டு காட்டினனான். டொக்டர் அதை வைச்சு ஊசியை நிப்பாட்டுவார் எண்டு நான் நினைக்கேல்லை. பிறகு சொல்ல ஏலாமல் போச்சுது.”

“இப்ப சொல்லுவம்.”

“பொறு. நாய் நல்லாத்தான் நிக்குது. அஞ்சு நாள் போட்டுது. இன்னும் ஒம்பது நாள்தானே. அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் ஒரு கரைச்சலும் இல்லை.”

“அந்த ஒம்பது நாள் எங்கட இல்லையப்பா” என்றாள் அருள்மலர். “அது ஷிஃபானாவின்ர.”

“உன்ர வேலை போயிடும், மலர். எழுதினது நீ.”

அவளை மிரட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்காகப் பயந்துதான் சொன்னார். அவள் போனை வைத்தாள்.

சைக்கிள் கொட்டிலடியில் சற்று நேரம் நின்றாள். பதினாறு வருட வேலை. ஓய்வூதியத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. அந்த இரண்டு தாளும் அலுமாரிக்குள் திரும்பிப் போனால் யார் தேடப் போகிறார்கள்? நிப்றாஸுக்குப் பதிவேட்டின் பிரதியைக் கொடுத்தாலே போதும். இது மனதில் வராமல் இருந்தது என்று சொன்னால் பொய். வந்தது; நன்றாகவே வந்தது. அதோடு குளிர்சாதனப் பெட்டிக்குள் மூடி வைத்த வட்டிலப்பச் சட்டியும் வந்தது. நேற்றிரவு அதில் ஒரு துண்டு வெட்டித் தின்றவளும் அவள்தான்.

உள்ளே போய், இரண்டு தாளையும் நிப்றாஸுக்கு முன்னால் வைத்தாள்.

“தம்பி, இது கப்டன் இல்லை. இது எங்கட வீட்டு ரொனி. கப்டனுக்கு ரெண்டு வருசமும் ஊசி போடேல்லை.”

நிப்றாஸ் வாசித்தார். ‘சாது’ என்ற இடத்தில் அவருடைய வாயோரம் சிரிப்பு வரப் பார்த்து, வராமலே போயிற்று. கேள்வி கேட்கவில்லை. தாளில் ஒன்றும் எழுதவுமில்லை. முதலில் போனை எடுத்தார்.

“முனாப் காக்கா, நிப்றாஸ் பேசுறன். ஷிஃபானாவ இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. பின்னேரம் இல்ல, இப்ப. அந்த நாய்க்கு ஊசி போட்டதா நம்ப ஏலா எண்டு டொக்டர்ட்ட அப்படியே சொல்லுங்க. இல்ல, இல்ல, இன்னும் நேரம் இருக்கு. ஊசியத் தொடங்கினாச் சரி.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஓம், காட்டின அட்டதான். அது பிழை.”

யாருடைய பிழை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது என்று அருள்மலருக்குப் பட்டது.

போனை வைத்த பிறகுதான் பேனையைத் திறந்தார்.

“பதிவேட்ட நிரப்பினது ஆர்?”

“நான்.”

“தாளோட ஒப்பிட்டுப் பாக்கல்லயா?”

“இல்லை.”

“இத நான் எழுதத்தான் வேணும், அக்கா.”

“எழுதுங்கோ தம்பி. விடாமல் எழுதுங்கோ.”

அவர் எழுதினார். நிதானமான, வட்டமான கையெழுத்து. முடித்ததும் மூடியைப் போட்டு எழும்பினார்.

“ரெண்டு மணி விசாரண இனி வாடியிலதான். நாய நான் இப்பவே பார்க்கணும். சாப்பிடுதா, தண்ணி குடிக்குதா எண்டு பார்க்கணும். அதுதான் இப்ப முக்கியம்.”

அவர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போக, அருள்மலர் தன் ஸ்கூட்டியில் பின்னால் போனாள். மேற்கிலிருந்து வந்த கச்சான் காற்று முகத்தில் மணலை அள்ளி வீசியது. ஹோட்டல்களைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கும்போது வலை கரைக்கு வந்து, மீன் பிரிக்கிற வேலையும் பாதியில் நின்றிருந்தது. ஆட்கள் கூட்டமாக வாடிக்குப் பின்பக்கம் நின்றார்கள். முன்னால் நின்றது டிலக்ஷி. கையில் ஒரு சட்டி தண்ணீர்.

“அம்மா, கப்டன் இல்லை” என்றாள். “தண்ணி வைப்பம் எண்டு வந்தனான். வரேக்கையே இல்லை.”

தென்னங்குத்தியில் சங்கிலி கட்டியபடி கிடந்தது. அதன் நுனியில் சபையின் சிவப்புக் கழுத்துப்பட்டி. சங்கிலிக் கொளுக்கியை அந்தப் பட்டியில்தான் மாட்டியிருந்தார்கள். நிப்றாஸ் குந்தியிருந்து தடியால் அதைத் திருப்பிப் பார்த்தார். நானூற்று முப்பத்தேழு. ரொனியின் மெலிந்த கழுத்துக்கு அளந்து போட்ட பட்டி, கப்டனுக்கு எட்டியிருக்கவில்லை. எட்டாத இடத்தைப் பச்சை வலைநூலால் இரண்டு சுற்றுச் சுற்றி இணைத்திருந்தது. நூல் அறுந்து இரண்டு பக்கமும் பிசிறிக் கிடந்தது.

“இந்த முடிச்சு ஆர் போட்டது?” என்று நிப்றாஸ் கேட்டார்.

பதினெட்டுப் பேரில் சிலர் பின்னால் நின்ற சம்மாட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். வலை கட்டுகிறவர்களுக்கு ஒருவர் முடிச்சு மற்றவருக்குத் தெரியும்.

பக்கத்தில் காலையில் வைத்த தண்ணீர்ச் சட்டி இருந்தது. விளிம்பு வரைக்கும் தண்ணீர் அப்படியே நின்றது. நிப்றாஸ் அதைப் பார்த்தார். அருள்மலரும் பார்த்தாள்.

ஈர மணலில் நாயின் அடித்தடம் வடக்கே, இறக்கக்கண்டிப் பக்கமாகப் போயிருந்தது.

“நாலு நாலு பேராப் பிரிஞ்சு தேடுங்க” என்றார் நிப்றாஸ். “ஆரும் தனியக் கிட்டப் போக வேணாம். கண்டா எனக்குப் போன் எடுங்க, பிடிக்கப் பார்க்காதீங்க. பாலர் பாடசாலைப் பிள்ளையள உள்ளுக்கு வைக்கச் சொல்லி நான் சொல்லுறன்.”

கிறிஸ்தோபர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. மனைவியையும் பரிசோதகரையும் ஒன்றாகக் கண்டதுமே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, அவள் முகத்தைப் பார்க்காமலே நின்றார். அவளுக்கும் ஏச வரவில்லை. அந்த மனிதரை இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். தன் ஆட்கள் ஒருவருக்கும் பங்கில் ஒரு மீன் குறைக்காதவர். ஒரு நாயை வைத்திருக்கவும் வேண்டும், அதன் சொந்தக்காரனாக இருக்கவும் கூடாது என்று நினைத்ததுதான் அவர் செய்த பிழை. அந்தப் பிழையை அவள் கையால் எழுதிப் பதிவும் செய்து கொடுத்திருக்கிறாள். கோபத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நிப்றாஸின் போன் அடித்தது. காற்றில் கேட்காதென்று சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

“தம்பி, முனாப். ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறம். ஊசி போட உள்ளுக்குக் கூட்டிப் போயிட்டாங்க.” பக்கத்தில் யாரோ அவனிடம் ஏதோ கேட்டார்கள். “டொக்டர் கேக்கார், நாய் இப்ப எப்படி நிக்குதாம்? ஆர்ட நாய் எண்டும் எழுதணுமாம். வாடி நாய் எண்டன், அப்படி எழுத ஏலாதாம்.”

நிப்றாஸ் அருள்மலரைப் பார்த்தார். அருள்மலர் வாயைத் திறந்தாள். முனாப் வீட்டார் ஐந்து நாளாக நம்பியிருந்த பொய்யைப் பதிவேட்டில் எழுதியது அவள் கை என்பதால், சொல்ல வேண்டியவளும் தானே என்று நினைத்தாள்.

அதற்குள் கிறிஸ்தோபர் முன்னால் வந்தார். சாரத்தில் கையைத் துடைத்தார். சரியாகப் போகவில்லை, மறுபடி துடைத்தார். பிறகு நிப்றாஸின் கையிலிருந்த போனை வாங்கினார். பதினெட்டுப் பேரும், மகளும், மனைவியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“முனாப், நான் கிறிஸ்தோபர்” என்றார். “என்ர நாய். ஊசி போடேல்லை. இப்ப ஆளைக் காணேல்லை.”

மறுபக்கத்தில் முனாப் போனை வைக்காமலே அதை டொக்டருக்குத் திருப்பிச் சொல்வது கேட்டது.